கரைதலும் நீறுதலும்

அன்றைக்கு இந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், சிவகாமசுந்தரி, கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். என்னோடு இந்த வீட்டில் குடியிருந்த ஜெயசீலி, தமிழ்த்துறையிலிருந்து ஓய்வுபெற்றவள். அவளுடைய அண்ணன் மகன் இஸ்ரவேல், அவளை அழைத்துப்போவதற்கென்று தெற்கே நாசரேத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தவன். அறிவியல் மன்றச் செயலாளர் கலியபெருமாள், தோளில் காமிராவும் கையில் ஒரு பொட்டலமுமாக வந்தவர். பாத்திரம் துலக்க வரும் சின்னப்பொண்ணு. அவள் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள், ஆகவே அவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு ஒருவரும் இல்லை. கல்லூரியில் இப்போது ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்கிறார்களாம். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அன்று இங்கே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

உட்காருங்கள். அறையைப் பிறகு பார்க்கலாம். கிழக்குப் பார்த்த அறை, நல்ல காற்று வரும். அதில் முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று வாசலிலேயே கேட்டீர்கள் அல்லவா? நியாயமான கேள்வி. வாடகைக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குத்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் மேடையில் பேசுவதுபோலப் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் பேசிய நாக்கு. இனி அதற்கு வேறு தமிழ் வராது. ஜெயசீலி சொல்லுவாள், "அக்கா, நீங்க தூக்கத்துல உளறினாக்கூட எழுவாய் பயனிலை எல்லாம் சரியா இருக்கும்" என்று. அவள் தமிழ் படித்தவள், ஆனால் பேசுவதெல்லாம் நாசரேத்துத் தமிழ். நான் வேதியியல் படித்தவள். இந்த முரணைத் துறையில் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

காபியைக் குடியுங்கள். டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தெரிவது அழுக்கு அல்ல. இந்த அரியலூர் மண்ணுக்கு அடியில் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. அந்த நீர் பாறையைத் தொட்டால், பாறை பைகார்பனேட்டாகி நீரோடு சேர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, பளிங்குபோல இருக்கும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறிவிடும், பாறை மறுபடி பாறையாகிப் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்துவிடும். போனது திரும்பி வருகிறது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பொருளியல் என்றீர்கள், வேதியியலைப் பத்தாம் வகுப்போடு விட்டிருப்பீர்கள். அடிப்படை தெரியாவிட்டால் அவள் ஏன் போனாள் என்பது விளங்காது.

ஜெயசீலி இந்த வீட்டுக்கு வந்தது ஒரு கோடை விடுமுறைக்காக. ஆசிரியைகள் விடுதியில் கூரை வேலை நடந்தது. வேலை முடியும்வரை இங்கே இருந்துகொள்கிறேன் என்று ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் ஆர்மோனியமுமாக வந்து நின்றாள். கூரை வேலை முடிந்தது. அவள் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. இருவரும் ஓய்வுபெற்ற பிறகும் அவள் அந்த அறையில்தான் இருந்தாள்.

ஒத்துப்போகுமா என்று பலர் கேட்டார்கள். ஒத்துப்போயிற்று. அவள் கடற்கரைப் பக்கத்துக்காரி, மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று சொல்லிக்கொண்டு வந்தவள். இது சைவ வீடு. நான் ஒருநாளும் தடுத்ததில்லை. முதல் மாதம் அவள் கருவாடு வாங்கி வந்தபோது சன்னல்களை மட்டும் திறந்துவைத்தேன். அதன் பிறகு அவளாகவே விட்டுவிட்டாள். காலையில் ஆர்மோனியம் வாசித்துக் கீர்த்தனை பாடுவாள். நான் விடைத்தாள் திருத்தும் நேரம் அது. கதவைச் சாத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அவளாகவே நிறுத்திவிட்டாள். முதல் கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டினாள். மின்கம்பி தொங்குவது ஆபத்து என்று ஒரு சொல் சொன்னேன். மறுவருடம் அவளாகவே கட்டவில்லை. இப்படி ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் இருந்தோம். சேர்ந்து வாழ்வதென்றால் இரு தரப்பும் சிறிது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்கிறீர்களா? யோசித்துச் சொல்கிறேன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். கலியபெருமாளின் மன்றம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு வேதியியல் நூல் கொண்டுவர முடிவு செய்தது. எழுத என்னைக் கேட்டார்கள், மொழியைச் சீர்செய்ய ஜெயசீலியைக் கேட்டார்கள். மழைக்காலம் முழுவதும் இந்த மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தோம். உப்பு, அமிலம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கால்சியத்தில் வந்து நின்றுவிட்டோம்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் என்ன ஆகிறது? நான் எழுதியது: "சுட்ட சுண்ணாம்பு நீருடன் வினைபுரிந்து நீறுகிறது." ஜெயசீலி அதை அடித்துவிட்டு எழுதினாள்: "சுட்ட சுண்ணாம்பு நீரில் கரைந்து, நீற்றுச் சுண்ணாம்பாகிறது."

"கரையவில்லை" என்றேன்.

"கரைஞ்சாத்தானேக்கா மாறும்? 'நீறுகிறது'ன்னு போட்டா பிள்ளைகளுக்கு என்னத்தப் புரியும்? நெத்தியில பூசுதது ஞாபகத்துக்கு வரும்."

"வரட்டும். அதுவும் எரிந்து மாறிய பொருள்தான். கரைந்து வந்ததல்ல."

"எங்க சபைப் பிள்ளைக என்ன செய்யும்?"

"அவர்களும் வேதியியல் படிப்பார்கள்."

வேறுபாட்டை அவளுக்குப் பலமுறை விளக்கினேன். உப்பு நீரில் கரைகிறது; நீரை வற்றவைத்தால் அதே உப்பு கையில் கிடைக்கும். உப்பு உப்பாகவே இருக்கிறது, நீர் நீராகவே இருக்கிறது. சுட்ட சுண்ணாம்பு அப்படியல்ல. நீர் அதற்குள் நுழைந்துவிடுகிறது. கல் சூடேறி, விம்மி, வெடித்து, மாவாக உதிர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் காயவைத்தாலும் பழைய கல் கிடைக்காது, ஏனென்றால் அது இப்போது வேறு பொருள். அப்படி நீறிய சுண்ணாம்பில்தான் மிகச் சிறிதளவு நீரில் கரையும். அதுவே சுண்ணாம்பு நீர். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை சூடான நீரில் அதிகம் கரையும். இது குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும், சூடேற்றினால் பிரிந்து வெளியே வந்துவிடும். எனக்கு அந்தக் குணத்தின்மீது எப்போதும் மதிப்பு உண்டு.

"கரைதல்ங்கதுக்கு எத்தனை பொருள் இருக்கு தெரியுமாக்கா?" என்றாள் ஒருநாள். "காக்கா கரையுது. மனசு கரையுது. அழுகதையும் பழைய தமிழ்ல கரைதல்னுதான் சொல்லுவாங்க."

"அறிவியல் நூலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான்."

"அப்ப உங்க புத்தகத்துல ஒருத்தரும் அழ முடியாது."

"வேதியியல் புத்தகத்தில் யார் எதற்காக அழ வேண்டும்?"

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் எனக்கு நினைவு.

அந்த மழைக்காலத்தில்தான் நாசரேத்திலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. அவள் அண்ணன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அம்மா தனியாக இருக்கிறாள், வீடு பெரிய வீடு, அத்தை வந்து துணைக்கு இருக்கட்டும் என்று இஸ்ரவேல் வற்புறுத்தினான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஜெயசீலி என்னிடம் வந்து கேட்டாள். "நீங்க என்னக்கா சொல்லுதீங்க?"

"அது உன் விருப்பம்" என்றேன்.

மறுபடி ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நான் போயிட்டா உங்களுக்கு யாரு துணை?"

"சின்னப்பொண்ணு வருகிறாள்."

"அவ பாத்திரத்தத் துலக்கிட்டுப் போயிருவா."

"நான் ஒருத்திக்கு எவ்வளவு பாத்திரம் விழப்போகிறது?"

இன்னொரு நாள், "புத்தகத்த யாரு திருத்துவா?" என்றாள்.

"தபால் இருக்கிறது" என்றேன்.

இவற்றில் எந்த விடை தவறு என்று நீங்களே சொல்லுங்கள். ஒருத்தி தன் குடும்பத்தோடு போய் இருக்க விரும்பினால், இரு என்று கையைப் பிடித்து இழுப்பதற்கு நான் யார்? மற்றவர் விருப்பத்தில் கை வைப்பது அநாகரிகம் என்று என் தந்தையார் சொல்லி வளர்த்தார். அவர் இறக்கும்வரை என்னை எதற்கும் வற்புறுத்தியதில்லை, நானும் அவரிடம் எதையும் வேண்டிக்கேட்டதில்லை. அப்படிப்பட்ட வீடு இது. கேட்டுப் பெறுவது எங்களுக்கு வழக்கமில்லை.

ஆனால் எனக்கு ஒரு கருத்து இருந்தது. இல்லாமல் இருக்குமா? அதை அன்றைக்குச் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன். அதைத்தான் ஒருவரும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

அன்று முற்பகல். இஸ்ரவேல் வந்து காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜெயசீலி இன்னும் பெட்டி கட்டவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு இட்லி வைத்தாள், சட்னி வைத்தாள், மறுபடி இட்லி வைத்தாள்.

"போதும் அத்தை. கிளம்புங்க. அம்மா மீன் கொழம்பு வச்சுக் காத்துக்கிட்டு இருக்கா."

"நான் மீனெல்லாம் விட்டு எத்தன காலமாச்சுடா."

"அடப்பாவமே! நாசரேத்துல பொறந்துட்டு மீன விட்டுட்டீங்களா? இந்தச் செய்தி சபைக்குத் தெரியுமா?"

அப்போது கலியபெருமாள் வந்தார். புத்தகத்துக்கு ஒளிப்படம் வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். சுண்ணாம்புக் காளவாயிலிருந்து அன்று காலை எடுத்த சுட்ட சுண்ணாம்புக் கல்லை, ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா, காத்து ஈரம் படறதுக்குள்ள ஓடியாந்தேன்" என்று மேசைமேல் வைத்தார்.

"என்னங்கய்யா, வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றான் இஸ்ரவேல்.

"அத்தைங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கல்லாலதான் தம்பி சண்டை. மூணு மாசமா நடக்குது" என்றார் கலியபெருமாள். அவருக்கு எதையும் நகைச்சுவையாகச் சொல்லும் பழக்கம்.

இஸ்ரவேல் அதைப் பிடித்துக்கொண்டான். "அப்ப கிளம்பிர வேண்டியதுதான அத்தை? நம்ம வீட்டுல ஒங்கள யாரும் திருத்த மாட்டாங்க."

ஜெயசீலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவனுக்குத்தான் விடை சொன்னாள், ஆனால் பார்த்தது என்னை.

"நான் இந்த வீட்டுல கரைஞ்சு போயிட்டேன்டா. இனிமே என்னைய எடுத்துட்டுப் போயி நீ என்ன செய்யப்போற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இஸ்ரவேல், கலியபெருமாள், நிலையில் நின்ற சின்னப்பொண்ணுகூட. நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் அவ்வளவு மந்தமானவள் அல்ல.

"கரையவில்லை" என்றேன்.

பிறகு சின்னப்பொண்ணை மண்சட்டி எடுத்துவரச் சொன்னேன். கல்லைச் சட்டியில் வைத்தேன். ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினேன். முதலில் ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர்கள் இது ஏமாற்று என்றுகூட நினைப்பார்கள். பிறகு சீறல் வரும். பிறகு ஆவி. கல்லில் கோடு விழுந்து, பிளந்து, பூவைப்போல விரிந்து உதிரும்.

"கல்லு வேவுதும்மா, தள்ளி நில்லுங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

"வேகவில்லை. நீறுகிறது" என்று அவளையும் திருத்தினேன். பிறகு ஜெயசீலியைப் பார்த்துச் சொன்னேன். அப்போது நான் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"பார், ஜெயசீலி. கரைந்த பொருளாக இருந்தால், நீரை வற்றவைத்து அதை மீட்டுவிடலாம், பழையபடி இருக்கும், கொண்டுபோகலாம். இது கரைந்த பொருள் அல்ல. நீர் இதற்குள் போய்விட்டது. இனி இதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பழைய கல் ஆகாது."

கவனித்தீர்களா? "எங்கே கொண்டுபோய் வைத்தாலும்" என்றேன். நாசரேத் என்ற ஒரு சொல்லைத்தான் நான் சொல்லவில்லை. நீ இங்கே வந்து இந்த வீட்டுப் பொருளாகிவிட்டாய், உன்னைப் பிரித்து எடுக்க முடியாது, ஆகவே போகாதே. இதைவிடத் தெளிவாக ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? அவள் கரைதல் என்று சொன்னது அவளுக்கே எதிராகப் போகும் சொல். கரைந்திருந்தால் போய்விடலாம் என்று பொருளாகிறது. நான் அவள் பக்கம் நின்று அதைத் திருத்தினேன். என்னுடைய நோக்கம் அதுதான். கல்லூரியில் அதைச் சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள்.

"பழைய கல்லு வேணும்னா என்னங்கய்யா செய்யணும்?" என்று இஸ்ரவேல் கலியபெருமாளைக் கேட்டான்.

"மறுபடி காளவாயில போட்டுச் சுடணும் தம்பி."

"அப்ப எங்க அத்தையச் சுடணுமாக்கும்!"

கலியபெருமாள் சிரித்துவிட்டார். சின்னப்பொண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. ஒருவரைப் பற்றி அவர் முன்னாலேயே அப்படிச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே பேச்சை முறையாகக் கொண்டுவருவதற்காக, "ஐந்நூறு பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும்" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். முடித்துவிடுகிறேன். இன்னும் கொஞ்சம்தான்.

அவளுடைய பெட்டியையும் ஆர்மோனியத்தையும் பிறகு இஸ்ரவேல் தனியாக வந்து எடுத்துப்போனான். புத்தகத்தின் அச்சுப்படியை நாசரேத்துக்கு அனுப்பினோம். திருத்தித் திருப்பி அனுப்பினாள். "கரைந்து" என்று அவள் எழுதியிருந்த இடத்தையெல்லாம் அடித்து "நீறி" என்று மாற்றியிருந்தாள். உறைக்குள் வேறு ஒன்றும் இல்லை. என் கருத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? அது தெரிந்த பிறகும் ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். நான் தொலைபேசியில் கேட்கவில்லை. அழைக்க வேண்டியவள் அவள்தானே.

ஆகவே அறையைப் பொறுத்தவரை எந்தக் குறையும் இல்லை. நிபந்தனை என்று நான் பெரிதாக ஒன்றும் வைப்பதில்லை. சமையல் உங்கள் விருப்பம். மீனோ, கருவாடோ, எதுவானாலும் செய்துகொள்ளலாம். சன்னலைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டுப் பாடுவீர்களா? காலையில் பாடலாம். உரக்கவே பாடலாம். வாசலில் விளக்குக் கட்டுவதானால் எலக்ட்ரீஷியனை நானே அழைத்துத் தருகிறேன். இந்தத் தெருவில் மாலையில் ஓசையே இருக்காது. அதைக் குறையென்று சொல்லவில்லை. தகவலுக்காகச் சொன்னேன்.

எங்கே நிறுத்தினேன்? ஐந்நூறு பாகை.

சிரிப்பு அடங்கியதும் ஜெயசீலியிடம் கேட்டேன். வாய்மொழித் தேர்வில் மாணவிகளைக் கேட்பதுபோலத்தான் கேட்டேன், அன்பாகவே கேட்டேன். "இப்போது சொல். கரைந்ததா, நீறியதா?"

அவள் சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி அக்கா என்று சொல்வாள் என்று எண்ணினேன். சொன்னால், இஸ்ரவேலைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாம், மாலையில் அடுத்த இயலைத் தொடங்கலாம் என்றுகூட மனத்துக்குள் திட்டம் போட்டுவிட்டேன். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. சுண்ணாம்பு ஆவி பட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஆகவே, "தேய்க்காதே, போய்க் கண்ணைக் கழுவு" என்றேன்.

"அம்மா, சட்டியில ஆவி இருக்கறப்பவே ஒரு படம் எடுத்துடலாம்" என்றார் கலியபெருமாள். நான் சட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, காமிராவைப் பார்த்து நின்றேன்.

ஜெயசீலி எழுந்தாள். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தாள், எப்போதும் வைப்பதுபோல. எனக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். குழாய் வாசலுக்கு வலப்புறம் இருக்கிறது. கண் கழுவப் போகிறாள் என்று நினைத்து நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். அசைந்தால் படம் கலங்கிவிடும். சன்னல் வழியாக அவள் இடப்புறம் திரும்புவது தெரிந்தது. கேட்டைத் திறந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல், காரை நோக்கி நடந்து போனாள்.